படத்து மேல லேபிள் வைக்கப் போய் பட்ட பாடு

தீசிஸ்ல கண்ணோட குறுக்குவெட்டுப் படம் ஒண்ணு இருந்துச்சு, ஸ்கேன் பண்ணின பிஎன்ஜி, அது மேல லேடெக்லயே (கட்டளை எழுதி ஆவணம் தயாரிக்கிற மென்பொருள்) விழித்திரை, பார்வை நரம்புன்னு பதினோரு பேர் வைக்கணும். லேடெக்ல படம் வரையிற டிக்ஸ் (TikZ) தொகுப்பை அப்பதான் பழகுறேன், ஒவ்வொண்ணையும் சென்டிமீட்டர்ல குத்துமதிப்பா வச்சு கம்பைல் பண்ணி, கொஞ்சம் நகர்த்தி திரும்ப கம்பைல் பண்ணி ஒரு சாயங்காலமே போச்சு. மறுநாள் கைடு பார்த்துட்டு "படம் பெருசா இருக்கே, சின்னதாக்குங்க"ன்னாங்க. அகலத்தை 12 செ.மீ.லேர்ந்து 9 ஆக்கினேன். படம் சுருங்குச்சு, லேபிள் ஒண்ணும் அசையல. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளிய வெள்ளைத் தாள்ல தனியா தொங்குது!

அப்புறம்தான் வழி புரிஞ்சுது. படத்தையே ஒரு நோடுக்குள்ள (டிக்ஸ்ல ஒரு பெட்டி மாதிரி) போட்டு, ஆங்கர் சவுத் வெஸ்ட்டுன்னு, அதாவது கீழ் இடது மூலை தொடக்கப்புள்ளியில நிக்கிற மாதிரி வச்சு, ஸ்கோப்ல (தனி அளவு வச்சுக்கிற பகுதி) எக்ஸை கீழ் வலது மூலைக்கும் ஒய்யை மேல் இடது மூலைக்கும் கட்டிட்டா எல்லாமே 0லேர்ந்து 1க்குள்ள வந்துடும். 0.5, 0.5ன்னா நட்டநடு, படம் எந்த சைஸானாலும் சரி. எழுத்து மட்டும் சுருங்காது, அது நல்லதுதான்.

அதுலயும் ஒரு வாரம் குழம்பினேன், நடுவுல இருக்கிற லேபிள் கச்சிதமா நிக்குது, ஓரத்துக்குப் போகப் போக விலகுது. நோடுக்கு தானாவே 0.3333 எம் (எழுத்தளவைப் பொறுத்த அலகு) இன்னர் செப், அதாவது உள்பக்க இடைவெளி உண்டு, பத்து பாயின்ட் எழுத்துல ஒரு மில்லிமீட்டருக்கு மேல வரும். அதை 0 ஆக்கினதும் சரியாச்சு.

*

எனக்கு டிக்ஸே வேணாம்னு, படத்து மேல எழுத்து வைக்கிற இன்னொரு லேடெக் தொகுப்பான ஓவர்பிக் பக்கம் போனவன் நான். அங்க நீளமான பக்கம்தான் 100, அது தெரியாம 1600க்கு 1000 பிக்சல் படத்துல ஒய் 80ன்னு கொடுத்துட்டு லேபிள் ஏன் படத்துக்கு மேல பறக்குதுன்னு முழிச்சேன். அந்தப் படத்துல உயரமே 62.5தான்! படத்து மேல கட்டம் காட்டுற கிரிட் ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தப்பதான் உறைச்சுது.

*

ஸ்கோப் போட்டவங்க வட்டம் வரைஞ்சு பாருங்க, எனக்கு முட்டையா வந்துச்சு, எக்ஸ் ஒரு நீளம் ஒய் ஒரு நீளம் ஆச்சே. ரேடியஸை 3 மிமீன்னு யூனிட்டோட கொடுத்தேன், வட்டமாயிடுச்சு. ஆனா இடம் பார்க்க 0.1க்கு ஒண்ணா போட்ட கட்டத்தை எடுக்க மறந்து, பைண்டிங் ஆன அஞ்சு காப்பியிலயும் அந்தப் படம் கணக்கு நோட்டு மாதிரி நிக்குது.