ஸ்பானிஷில் பேக்கரிப் பலகாரங்கள்: எந்த நாட்டுச் சொல்லைப் படிப்பது?

புதுமாணவன்:
ஆப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன், சாப்பாட்டுப் பாடத்தில் கேக் என்றால் 'தோர்த்தா' என்று வருகிறது, ஆனால் மெக்சிகோ வீடியோ ஒன்றில் தோர்த்தா கேட்டவருக்கு இறைச்சி வைத்த சாண்ட்விச் வருகிறது. பிஸ்கட், பன், கேக் மாதிரி தினசரிச் சொற்களை எந்த வரிசையில் படிப்பது?

அடுப்படி:
முதலில் ஒரு நாட்டை முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் குழப்பம் தீராது. கேக் ஸ்பெயினில் தார்த்தா, மெக்சிகோவில் பஸ்தெல், அர்ஜென்டினாவில் தோர்த்தா, கொலம்பியாவில் போன்கே. அந்த பஸ்தெலையே புவேர்த்தோ ரிக்கோவில் கேட்டால் வாழையிலையில் கட்டி வேகவைத்த காரப் பண்டம் வரும்! பிஸ்கோச்சோ இன்னும் மோசம்: ஸ்பெயினில் மெத்தென்ற வெறும் கேக், உருகுவேயில் இனிப்பும் காரமுமாக வரும் சின்னச் சின்ன பேஸ்ட்ரிகள்.

சும்மாசொல்றேன்:
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். பான் (ரொட்டி), காயேத்தா (பிஸ்கட்), எம்பனாதா (உள்ளே பூரணம் வைத்து மடித்த பண்டம்), ஓர்னோ (பேக்கிங் அடுப்பு), பனாதெரியா (பேக்கரி) எல்லாம் எங்கேயும் செல்லும். அப்புறம் தூல்சே இனிப்பு, சலாதோ உப்பு. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு 'தெ' போதும்: எம்பனாதா தெ கேசோ என்றால் சீஸ் வைத்தது, தெ கார்னே என்றால் இறைச்சி. பெயர் தெரியாததைக் கை காட்டி 'தெ கே எஸ்?' என்று கேட்டால் உள்ளே என்ன என்று சொல்லிவிடுவார்கள், பாதி சொற்கள் அப்படித்தான் மனதில் நிற்கும்.

அடுப்படி:
சரி, அது உண்மைதான். ஆனால் மெக்சிகோ பேக்கரியில் தட்டும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்க வேண்டும், அதனால் அங்கே கேட்பதைவிட அட்டையில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் முக்கியம். கோன்ச்சாவில் தொடங்குங்கள், மேலே சிப்பி மாதிரி வரிபோட்ட சர்க்கரைப் பூச்சு உள்ள பன். இந்தச் சொல்லை அர்ஜென்டினா பக்கம் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அங்கே அது கெட்ட வார்த்தை. அங்கே இனிப்பு பேஸ்ட்ரிகளுக்குப் பொதுப்பெயர் ஃபக்தூராஸ், டஜன் கணக்கில் வாங்குவார்கள். பில்லுக்கும் அதே சொல்தான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

புதுமாணவன்:
அப்போ மெக்சிகோ என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த வீடியோவில் 'ஓரெஹா' என்று ஒரு மொறுமொறு பேஸ்ட்ரி வந்தது, காது என்றுதானே அர்த்தம்?

சும்மாசொல்றேன்:
அதேதான், இரண்டு பக்கமும் சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். ஸ்பெயினில் அதற்கு பால்மேரா என்று பெயர், அங்கே சாக்லேட் பூசியும் கிடைக்கும்.