பாரத ரத்னா: மறைந்தவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தலாமா?

கதிர்:
எம்.எஸ். சுவாமிநாதன் 98 வயது வரை நம்மோடு இருந்தார். பசுமைப் புரட்சி நடந்தது அறுபதுகளில். 2023 செப்டம்பரில் அவர் கண்மூடினார், 2024 பிப்ரவரியில் பாரத ரத்னா அறிவித்தார்கள். இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம்? 1954-இல் விருது தொடங்கியபோது மறைந்தவர்களுக்குக் கொடுக்க விதியில் இடமே இல்லை. 1955-இல்தான் சேர்த்தார்கள். பழைய விதிக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் ஆள் இருக்கும்போதே கொடுக்கும் அவசரம் வரும்.

மலர்விழி:
அம்பேத்கர் மறைந்தது 1956-இல். அவருக்கு ரத்னா கிடைத்தது 1990-இல். நீங்கள் சொல்லும் விதி இருந்திருந்தால் அவர் பெயர் பட்டியலிலேயே இருக்காது. காமராஜர் பெயரும் இருக்காது. ஓர் அரசு செய்த தவறை அடுத்து வரும் அரசு திருத்த வழி வேண்டாமா?

கதிர்:
பட்டியலில் இல்லையென்றால் அம்பேத்கர் சிறுத்துவிடுவாரா? விருதுக்குத்தான் அது குறை. அப்புறம், 1992-இல் நேதாஜிக்கு அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். அவர் இறந்தது எப்போது, எங்கே என்பதே முடிவாகாத நிலையில் ‘மறைவுக்குப் பின்’ என்று போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-இல் அந்த அறிவிப்பே ரத்தானது. எவ்வளவு பெரிய சங்கடம்!

செழியன்:
இருவரும் கிளையைப் பிடித்து ஆட்டுகிறீர்கள். வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பத்ம விருதுகளுக்காவது ஒரு குழு உண்டு, யாரும் பரிந்துரைக்கலாம். பாரத ரத்னாவுக்குப் பிரதமர் குடியரசுத் தலைவரிடம் பரிந்துரைத்தால் போதும். ஆண்டுக்கு மூவர் என்று வரம்பு இருந்தும் 2024-இல் ஐவருக்குக் கொடுத்தார்கள். ஐவரில் நால்வர் மறைந்தவர்கள். தேர்தல் ஆண்டு வேறு. கேட்க யார் இருக்கிறார்கள்?

மலர்விழி:
செழியன் சொல்வது சரி, குழு வேண்டும். ஆனால் கதிர், இதற்குப் பதில் சொல்லுங்கள். சாஸ்திரி பிரதமராக இருந்தது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் திடீரென இறந்தார். அவருக்கு எப்போது கொடுத்திருக்க முடியும்?

கதிர்:
நியாயம்தான். அவருக்கு அதே ஆண்டில் கொடுத்தார்கள். அப்படியானால் இறந்து ஓராண்டுக்குள் என்று வரம்பு வைக்கலாம்.

மலர்விழி:
ஓராண்டு என்றால் அம்பேத்கர் மறுபடியும் வெளியே நிற்பார். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.