புதுப்பிப்பு: பீம் இல்லை, வெர்ட்டிகல் ஜோடிதான்

என் அமெச்சூர் ரேடியோ நிலையத்தின் 40 மீட்டர் பேண்டுக்கு (அலைநீளம் சுமார் 40 மீட்டர்) யாகி பீமா (ஒரு திசையில் அலையைக் குவிக்கும், சுழற்றக்கூடிய ஆன்டெனா), இரண்டு வெர்ட்டிகலா (செங்குத்துக் கம்ப ஆன்டெனா) என்று முன்பு கேட்டிருந்தேன். வெர்ட்டிகலையே நட்டுவிட்டேன். பீமிலிருந்து அலை தொலைதூரம் எட்டும்படி தாழ்வான கோணத்தில் கிளம்ப 20 மீட்டர் கோபுரமாவது வேண்டும். அது என்னிடம் இல்லை.

இப்போது 10 மீட்டர் கம்பங்கள் இரண்டு, 10 மீட்டர் இடைவெளி, இரண்டுக்கும் போகும் சிக்னலுக்கிடையே 90 டிகிரி (கால் அலை) கட்ட வேறுபாடு. திசையை மாற்றும் ரிலே (மின்சுவிட்ச்) 'டக்' என்றதும் பின்பக்க நிலையம் அமுங்கிப்போகிறது. பீமைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டர் சுற்றி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

முதுகை ஒடித்தது, கம்பத்தின் அடியிலிருந்து தரையில் விரியும் ரேடியல் கம்பிகள்தான். முதல் கம்பத்தைத் தனியாகச் சோதித்தபோது நான்கே ரேடியல். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு; ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை) அழகாக ஒன்றை ஒட்டி நின்றது. ஏமாந்தேன்! அது மண்ணில் வீணாகும் சக்தி காட்டிய அழகு. பதினாறாக்கியதும் எஸ்டபிள்யூஆர் கொஞ்சம் ஏறியது, எதிர்முனையில் சிக்னலும் ஏறியது. வெர்ட்டிகலில் உள்ளூர் மின் இரைச்சல் கூடுதல்தான். 20 மீட்டர் பேண்டுக்குச் சின்ன பீம் ஆசை இன்னும் போகவில்லை.