கிடைமட்டக் கிணற்றில் தண்ணீர் 82 சதவீதம்: ஜெல் போடலாமா?

செம்பூர் இளங்கோ
மும்பைக் கடலில் சுண்ணாம்புப் பாறை எண்ணெய்க் கிணறு. 8½ அங்குலத் துளை, உள்ளே 5½ அங்குல ஸ்லாட்டட் லைனர் (நீள்துளைகள் போட்ட குழாய்), கிடைமட்டம் 450 மீட்டர், அடிவெப்பம் 110 டிகிரி. நாலே மாதத்தில் வாட்டர் கட் (வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு) 30 சதவீதத்திலிருந்து 82 ஆகிவிட்டது. தண்ணீரை அடைக்கப் பாலிமர்–குரோமியம் ஜெல் இறக்கலாம் என்று பேச்சு. சரியா?

பன்வேல் மலர்
இப்போது வேண்டாம் சார். தண்ணீர் வரும் வழி தெரியாமல் ஜெல் விட்டால் எண்ணெய் வழியும் சேர்ந்து அடைபடும். வருவது எண்ணெயைத் தள்ள இன்ஜெக்டர் கிணறுகளில் செலுத்தும் கடல்நீரா, பாறையின் சொந்தத் தண்ணீரா (பார்மேஷன் தண்ணீர்) என்று அறிய முதலில் சல்பேட் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2,700 மில்லிகிராம் இருக்கும். பார்மேஷன் தண்ணீரில் பெரும்பாலும் மிகக் குறைவு. பேரியம் இருந்தால் சல்பேட் படிவாகக் கழிந்துவிடும் என்பதால் குளோரைடையும் சேர்த்துப் பாருங்கள். சான் வரைபடத்தை (தண்ணீர்–எண்ணெய் விகிதம் காலத்தோடு மாறுவதைக் காட்டுவது) மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பல அடுக்குச் சேனலிங் (அடுக்குகள் வழியாகத் தண்ணீர் பாய்ந்து வருவது) அதில் கோனிங் (அடியிலிருந்து தண்ணீர் கூம்பாக மேலேறுவது) மாதிரியே தெரியும்.

செம்பூர் இளங்கோ
சல்பேட் 1,900 மேடம். பழைய ஓட்ட லாக் (கிணற்றுக்குள் ஓட்டத்தை அளந்த பதிவு) ஒன்றும் இருக்கிறது, ஒற்றை ஸ்பின்னரில் (ஓட்டத்தில் சுற்றும் சிறு விசிறி) எடுத்தது. டோ பக்கம் (கிடைமட்டத்தின் கடைக்கோடி) கடைசி 100 மீட்டரில் ஓட்டமே இல்லை என்கிறது.

ஐரோலி குமரன்
அந்த லாக்கை ஒதுக்கி வையுங்கள். கிடைமட்டத்தில் எண்ணெய் மேலாகவும் தண்ணீர் அடியிலும் பிரிந்து ஓடும். நடுவில் சுற்றும் ஸ்பின்னருக்கு இரண்டும் ஒழுங்காகத் தெரியாது. துளை ஒன்றிரண்டு டிகிரி மேலேறினாலே தண்ணீர் தேங்கிப் பின்னுக்கும் ஓடும். குறுக்கே பல சின்ன ஸ்பின்னரும் எண்ணெயா தண்ணீரா என்று பிரித்தறியும் மின் புரோப்பும் உள்ள அரே கருவியை டிராக்டரில் (கிணற்றுக்குள் கருவியைக் கொண்டுசெல்லும் எந்திரம்) அனுப்புங்கள். வெப்ப லாக்கும் வேண்டும்: லைனருக்கு வெளியே ஓடுவதை ஸ்பின்னர் காட்டாது, குளிர்ந்த இன்ஜெக்‌ஷன் தண்ணீர் நுழையும் இடத்தை வெப்பம் காட்டிக்கொடுக்கும்.

பன்வேல் மலர்
1,900 என்றால் வருவதில் பெரும்பங்கு இன்ஜெக்‌ஷன் தண்ணீர்தான். இவ்வளவு வேகமாக ஏறியதால் பாறைப் பிளவு வழி என்றே சந்தேகிக்கிறேன். பக்கத்து இன்ஜெக்டரில் ட்ரேசர் (தண்ணீரின் தடம் காட்டும் பொருள்) விட்டு உறுதி செய்யுங்கள். பிளவு என்றால் ஜெல்லுக்கு நல்ல வாய்ப்பு. கோனிங்காக இருந்தால் தண்ணீர் ஜெல்லைச் சுற்றிக்கொண்டு சீக்கிரமே திரும்பி வரும்.

செம்பூர் இளங்கோ
நுழைவு டோ பக்கம் என்று தெரிந்தால் பிரிட்ஜ் பிளக் (குழாயின் உள்ளே வைக்கும் அடைப்பு) போதாதா?

ஐரோலி குமரன்
ஸ்லாட்டட் லைனரில் போதாது. பிளக்கைத் தாண்டித் தண்ணீர் வெளி அன்னுலஸ் (லைனருக்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி) வழியாக ஹீல் பக்கம் (கிடைமட்டம் தொடங்கும் முனை) வந்து, அடுத்த ஸ்லாட்டில் உள்ளே புகும். முதலில் அன்னுலஸை மூட வேண்டும். காயில்டு டியூபிங்கில் (சுருளாக வரும் மெல்லிய குழாய்) இரட்டை இன்ஃப்ளேட்டபிள் பேக்கர் (ஊதிப் பெருக்கி அடைக்கும் கருவி) இறக்கி, நடுவே திக்ஸோட்ரோபிக் ஜெல்லை வெளியே தள்ளுங்கள். பம்ப் நின்றதும் தானே கெட்டியாகும் ரகம் இல்லையென்றால் அடியில் வழிந்து மேல்பக்கம் இடைவெளி விட்டுவிடும். உங்கள் அளவுக்கு மீட்டருக்கு 0.134 பேரல், 30 மீட்டருக்கு 4 பேரல். துளை அகன்றிருக்கும், இரட்டிப்பாகக் கலந்து வையுங்கள். அது இறுகிய பிறகுதான் பிளக்.

பன்வேல் மலர்
பிளவுக்குள் ஜெல்லும் விடுவதானால் சாதாரண பாலிஅக்ரிலமைடு (ஜெல்லின் பாலிமர்) 110 டிகிரியில் தாங்காது. ஹைட்ரோலிசிஸ் ஆகி (தண்ணீரோடு வினைபுரிந்து மாறி), கால்சியத்தோடு சேர்ந்து சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். சல்போனேட்டட் கோபாலிமர் அல்லது பாலிஎத்திலீன்இமைன் கிராஸ்லிங்கர் (பாலிமர் இழைகளைப் பிணைப்பது) கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரிலேயே கலந்து, மூடிய ஆம்பூலில் (கண்ணாடிக் குப்பி) 110 டிகிரியில் வைத்துப் பாருங்கள். இறுகும் நேரம் பம்ப் நேரத்தைவிடத் தாராளமாகக் கூட இருக்க வேண்டும். பம்ப் அழுத்தம் பாறை உடையும் அழுத்தத்துக்குக் கீழேயே நிற்கட்டும். கிணற்றைத் திறக்கும்போது சோக்கை (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் திறப்பு) சின்னதாக வைத்துப் படிப்படியாக ஏற்றுங்கள், இல்லையென்றால் ஜெல் பிளவிலிருந்து கிணற்றுக்கே வந்துவிடும்.