கோள்களின் தூரத்தை எந்த அலகில் எழுதுவது? யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து மைதானத்தில் சூரியக் குடும்பம் ஒன்றை அமைக்கிறோம். ஒரு வானியல் அலகு, அதாவது சுமார் 15 கோடி கிலோமீட்டர், இங்கே ஒரு மீட்டர். இந்தக் கணக்கில் சூரியன் 9 மில்லிமீட்டர் மணி, புதன் 39 சென்டிமீட்டரில், வியாழன் 5.2 மீட்டரில், நெப்டியூன் 30 மீட்டரில் வந்துவிடும்.

கோள்களுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில்தான் குழப்பம். கிலோமீட்டரில் எழுதினால் நெப்டியூனுக்கு 450 கோடி என்று வரும், அது எந்தப் பிள்ளை மனதிலும் நிற்காது. வானியல் அலகு கணக்குக்குச் சுலபம், ஆனால் அதை முதலில் விளக்க வேண்டும். எனக்குப் பிடித்தது ஒளி நேரம்: சூரிய ஒளி பூமிக்கு வர 8 நிமிடம் 19 வினாடி, நெப்டியூனுக்கு 4 மணி நேரத்துக்கும் மேல் என்றால் சட்டென்று புரிகிறது. ஆனால் செவ்வாய்க்கு சிக்னல் போக 3 முதல் 22 நிமிடம் என்று படித்த பிள்ளை, அட்டையில் சுமார் 12.7 நிமிடம் என்று பார்த்தால் குழம்பாதா? முன்னது பூமியிலிருந்து, பின்னது சூரியனிலிருந்து.

அப்புறம் நிலா. இந்த அளவில் அது பூமியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர்தான், பூமியே கண்ணுக்குத் தெரியாத புள்ளி. இதற்கு மட்டும் தனி அளவில் இன்னொரு மாதிரி வைக்கலாமா?

வகுப்பில் இதைச் செய்து பார்த்தவர்கள் எந்த அலகு எடுபட்டது என்று சொல்லுங்கள். தமிழில் அட்டை தயாரித்திருந்தால் படம் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.