ஆக்ரிம் சதுப்பு, பென்பர்ப் மேடு, பாய்ன் ஆறு: டேபிள்ல எங்க இடிக்குது?

சேற்றுக்கால்
பொம்மைப் படைகளை வெச்சு டேபிள்ல ஆடுற பழைய அயர்லாந்துச் சண்டைகள்ல முதல்ல ஆக்ரிம், 1691 ஜூலை 12: ராஜா வில்லியம் தரப்புக்கும், பதவி போன ஜேம்ஸ் தரப்புக்கும் (யாக்கோபு தரப்புன்னும் சொல்வாங்க) நடந்தது. மேப் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கில்கொமடன் மேடு, அடிவாரத்துல வேலிகள், முன்னாடி சதுப்பு, வடக்கே கோட்டையை ஒட்டின குறுகல் பாதை. ரூல்ஸ் புக் பைக் அண்ட் ஷாட்; அதுல கமாண்டர் ரேட்டிங்குக்கு எவ்வளவு கீழ டைஸ் விழுதோ அதைப் பொறுத்து மூவ். இன்னும் உறுத்துறது ஒரே ஒரு உருட்டல்தான்.

நடுவுல வில்லியம் தரப்பு பிரிகேட், கமாண்டர் ரேட்டிங் 8. ரெண்டு டைஸ்ல கூட்டுத்தொகை 5. மூணு கம்மின்னா மூணு மூவ். சதுப்புல பாதி வேகம்னு வெச்சும் ஒரு மூவுக்கு 6 இன்ச், மொத்தம் 18. டேபிள்ல சதுப்போட அகலமே 12 இன்ச். நாலு யூனிட்டும் ஒரே டர்ன்ல காலே நனையாம கரையேறி வேலிக்கு முன்னாடி நிக்குது. நிஜத்துல அந்த காலாட்படை சேத்துல இறங்கி, ஏறி, மேட்டுலேர்ந்து அடிச்சுத் துரத்தப்பட்டு, மறுபடி இறங்கினது. 8க்கு எதிரா 5ம் அதுக்குக் கீழயும் விழ 36ல 10 வாய்ப்பு. கிட்டத்தட்ட நாலு உருட்டலுக்கு ஒண்ணு. அபூர்வம்னு ஒதுக்க முடியாது.

இப்ப ஓடுற திருத்தம்: சதுப்புல ஒரு பேஸ் (பொம்மைங்க ஒட்டின தட்டு) பட்டாலும் அந்த டர்னுக்கு ஒரே மூவ். கரையேறின உடனே அணி குலைஞ்சதுன்னு காட்டுற டிஸார்டர் மார்க்கர். அது போற வரைக்கும் சார்ஜ் கிடையாது.

பகடைஆறு
ரூல்ஸ் மேல பழி போடாதீங்க அண்ணே. 12 இன்ச் சதுப்பு வெச்சா அப்படித்தான் ஆகும். அந்தச் சண்டையில சதுப்புதான் பாதி சேனை. 6 அடி டேபிள்ல குறுக்கே 18 இன்ச் குடுங்க. அப்ப மூணு மூவ் விழுந்தாலும் கரையோரத்துல வந்துதான் நிக்கும்.

ஆக்ரிம்ல கெடுறது கோட்டைதான். கோட்டையைக் காத்த பர்க் ரெஜிமெண்ட்டுக்கு வந்த குண்டு அவங்க கையில இருந்த பிரெஞ்சு துப்பாக்கிக் குழலுக்குள்ள போகலைங்கிற கதை எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதுதான் தொல்லை. யாக்கோபு தரப்புல உக்கார்றவர் முதல் டர்ன்லயே பர்க்கைத் தூக்கிட்டு வேற யூனிட்டை உள்ள வெப்பார். குறைய யூனிட் மேல எழுதாம கோட்டை மேல எழுதுங்க. உள்ள யார் நின்னாலும், முதல் ரெண்டு வாலி (ஒரு தடவை சேர்ந்து சுடுறது) முழு டைஸ், மூணாவதுலேர்ந்து ஒரே டைஸ். மாத்தி வெச்சு தப்பிக்க முடியாது. கோட்டையை விட்டு வெளிய வந்தா குறை போயிடும், ஆனா குறுகல் பாதை திறந்துடும். குதிரைங்க ரெண்டு ரெண்டா வர்ற பாதை அது, கோட்டை மூணு டர்ன் தாங்கினாலே ஆட்டம் மாறிடும்.

கறுப்பாறு
பென்பர்ப், 1646 ஜூன் 5. ஐரிஷ் தளபதி ஓவன் ரோ ஓநீலுக்கு பீரங்கி கிடையாது, ஸ்காட்லாந்து தளபதி மன்ரோவுக்கு 6. ஸ்காட்லாந்துக்காரங்க நாள் முழுக்க நடந்து வந்தவங்க, அதனால ஆரம்பத்துலேர்ந்தே கமாண்ட் ரேட்டிங் ஒண்ணு கம்மி. 8லேர்ந்து 7 ஆனா வெற்றி வாய்ப்பு 72 சதவீதத்துலேர்ந்து 58க்கு இறங்கும். ஒரு புள்ளிதானேன்னு யாரும் சிரிக்க வேண்டாம்.

மறக்க முடியாத இடம் வடக்குச் சாலை. டங்கானன் பக்கம் அனுப்பின ஓநீல் குதிரைப்படை சாயங்காலம் திரும்பி வந்துச்சு. மன்ரோ அதை தன் உதவிக்கு வர்ற ஜார்ஜ் மன்ரோவோட ஆளுங்கன்னு நினைச்சாருன்னு சொல்வாங்க. டேபிள்ல கேள்விக்குறி போட்ட வெறும் அட்டை ஒண்ணு. 5ம் டர்ன்லேர்ந்து ஒவ்வொரு டர்னும் 6 இன்ச் உள்ள வரும். 12 இன்ச்சுக்குள்ள வந்ததும் ஒரு டைஸ்: 1, 2ன்னா ஜார்ஜ், 3 முதல் 6 வரை ஐரிஷ். அட்டை திரும்புற வரைக்கும் மன்ரோ பக்கம் உக்காந்தவர் ரிசர்வை எங்கயும் அசைக்காம கையைக் கட்டிட்டு இருந்தார். 4 விழுந்துச்சு. ரெண்டே டர்ன்ல அவரோட வலப்பக்கம் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. மன்ரோவோட ரெண்டு வரிசைக்கும் நடுவுல இடைவெளி விடாதீங்க, யூனிட் வழியா யூனிட் போறதையும் தடை பண்ணுங்க. இதை விட்டா முன்வரிசை உடைஞ்சதும் பின்வரிசை சொகுசா முன்னாடி வந்துடும், பின்னாடி இருக்கிற பிளாக்வாட்டர் ஆத்துக்கு வேலையே இருக்காது.

ஈட்டிமுனை
பென்பர்ப்ல ஐரிஷ் ஈட்டி நீளம் அதிகம்னு ஒரு +1 குடுத்துப் பார்த்தது. முதல் மோதல்ல மட்டும் குடுத்தா சரியா இருக்கு, எல்லா சுற்றுக்கும் குடுத்தா ஸ்காட்லாந்து மூணு டர்ன்ல காலி. அவ்வளவுதான் கதை.

இதுல கேக்காத ஒண்ணு சொல்றேன். இங்க பேசுறவங்கள்ல பாதிப் பேர் டேபிள்ல வைக்கிற ஈட்டியைப் பார்த்தா கோபம் வருது. 28 மிமீ மினியேச்சருக்கு 1:56 அளவுன்னு வெச்சா, 16 அடி ஈட்டி 87 மிமீ வரணும், 18 அடின்னா 98. பெட்டியோட வர்ற பிளாஸ்டிக் ஈட்டி பெரும்பாலும் இதைவிடக் குட்டை, அதோட எடுத்து வைக்கும்போதே ஒடியும். 0.8 மிமீ ஸ்டீல் கம்பி வாங்குங்க. பித்தளை வளையும், வேண்டாம். துண்டா வெட்டின பிறகு ஒரு நுனியை இரும்புப் பட்டறைக்கல் மேல வெச்சு சுத்தியலால ரெண்டு தட்டு, தட்டையாகும். அதை ரெண்டு பக்கமும் சாய்வா நறுக்கினா இலை வடிவ முனை. பொம்மையோட கைக்கு 1 மிமீ பிட்டால துளை, கையாலயே திருகுங்க. மோட்டார் போட்டா பொம்மை விரல் பிஞ்சிடும். சூப்பர் க்ளூ ஒரு சொட்டு, அடிநுனி பேஸ்ல தொடணும், அப்பத்தான் ரெண்டு இடத்துல பிடிமானம். பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி கம்பியை உப்புத்தாள்ல உரசணும், இல்லன்னா பெயிண்ட் உரிஞ்சு வரும். கண்ணைப் பார்த்துக்குங்க, 12 பேர் நிக்கிற பேஸைக் குனிஞ்சு பார்க்கிறது ஆபத்து.

தண்ணியளவு
பாய்ன், 1690 ஜூலை 1. வில்லியம் 36,000, ஜேம்ஸ் கிட்டத்தட்ட 25,000. ஆயிரம் பேருக்கு ஒரு யூனிட்னு பார்த்தா 36க்கு 25. 28 மிமீல இடம் பத்தாது, 6 மிமீதான் சரி.

தொல்லை ஆத்தைக் கடக்கிற முக்கிய இடமான ஓல்ட்பிரிட்ஜ் இல்ல, அதுக்கு மேல இருக்கிற இன்னொரு கடவு ராஸ்னரீ. நிஜத்துல அங்க ஆத்தைக் கடந்த ஒரு பகுதியைப் பார்த்து ஜேம்ஸ் தன் படையில பெரும்பகுதியை அந்தப் பக்கம் ஓட்டினார். நடுவுல பள்ளம், ரெண்டு பேரும் முறைச்சுப் பார்த்துட்டே நின்னாங்க. டேபிள்ல ஜேம்ஸா உக்கார்ற எவரும் ஏமாற மாட்டார், அவருக்கு பள்ளம் தெரியுது. ராஸ்னரீயை டேபிள்ல வைக்கவே கூடாது. தனித்தாள்ல ரெண்டு பேரும் எத்தனை யூனிட்னு மறைச்சு எழுதணும். 3ம் டர்ன்ல திறந்து பார்க்கணும். ஜேம்ஸ் எழுதினது வில்லியமோடதுல பாதிக்கும் கம்மின்னா, ஜேம்ஸோட பின்வாங்குற சாலை அடைபடும். அந்த பயம் ஒண்ணுதான் அவரை யூனிட் எழுத வைக்குது. ஒருத்தர் 14 எழுதினார், ஓல்ட்பிரிட்ஜ்ல மிச்சம் 11.

ரெண்டு பக்கமும் சிவப்புக் கோட்டு ரெஜிமெண்ட் இருக்கிறதால தொப்பியில வில்லியம் தரப்புக்கு பச்சை இலை, ஜேம்ஸ் தரப்புக்கு வெள்ளைத் தாள் மறக்காம வரைங்க. 6 மிமீல ஒரே ஒரு பச்சைப் புள்ளி போதும்.

சேற்றுக்கால்
பகடைஆறு, 18 இன்ச் வெச்சா சண்டையில பாதி நேரம் சதுப்பைக் கடக்கிறதுலயே போயிடும், மேட்டுல நிக்கிற ஆள் டீ குடிச்சுட்டு வரலாம். 12தான், ஒரே மூவ்தான்.

கோட்டை மேல குறை எழுதுறது நல்ல யோசனை. அதே மாதிரி யாக்கோபு தரப்புத் தளபதி செயிண்ட் ரூத் சாவையும் மறைக்கணும். 7ம் டர்ன்ல சாவார்னு தெரிஞ்சா 6லயே அவர் கீழ இருந்த சார்ஸ்ஃபீல்டோட ரிசர்வ் குதிரை கிளம்பிடும். வில்லியம் பீரங்கி மேட்டைச் சுடுற ஒவ்வொரு தடவையும் ரெண்டு டைஸ், இரட்டை ஆறு விழுந்தா அவர் போயிட்டார். ஒரு வாலிக்கு 36ல 1. நாலு பீரங்கி ஆறு டர்ன் சுட்டா, ரெண்டு ஆட்டத்துக்கு ஒரு ஆட்டத்துலதான் சாவார். செத்த பிறகு ரெண்டு டர்னுக்கு ரிசர்வுக்கு உத்தரவே போகாது.

பகடைஆறு
இரட்டை ஆறு பைக் அண்ட் ஷாட்ல ஏற்கெனவே கமாண்ட் பிளண்டருக்கு (உத்தரவு குழம்பிப் போறதுக்கு) இருக்கு. ரெண்டையும் ஒரே டர்ன்ல உருட்டினா எது எதுக்குன்னு சண்டை வரும். செயிண்ட் ரூத்துக்கு வேற கலர் டைஸ் வெச்சுக்குங்க.