கோழிக்கூடு சுத்தம், முட்டை எத்தனை வருடம்?

கேள்வி: என் கோழிகளுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. கூட்டைத் தினமும் கழுவ வேண்டுமா? அப்புறம், முட்டை குறைந்துகொண்டே வருகிறது, இனி எவ்வளவு காலம் இடும்?

பதில்: தினமும் கழுவவே வேண்டாம், ஈரம்தான் முதல் எதிரி. கோழிகள் இரவில் அமரும் கட்டைக்குக் கீழேதான் எச்சம் குவியும், அதைக் காலையில் வழித்து எடுத்துவிட்டு, தரையில் உமியோ மரத்தூளோ கனமாகப் பரப்பி அவ்வப்போது கிளறி, நனைந்த இடத்தை மட்டும் மாற்றினால் மாதக்கணக்கில் தாங்கும். உள்ளே குனிந்தால் கண் எரிகிறதா? அம்மோனியா ஏறிவிட்டது, காற்றோட்டம் போதவில்லை.

பதில்: கட்டையின் இடுக்குகளை இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும், முட்டை குறைய அதுவும் காரணம். சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

பதில்: முதல் இரண்டு வருடம்தான் உச்சம், பிறகு வருடா வருடம் குறையும். ஆனாலும் பல கோழிகள் ஐந்தாறு வயதிலும் அவ்வப்போது இடும். இறகு உதிர்கிறதா பாருங்கள், அந்தச் சமயத்தில் சில வாரங்கள் முட்டை நிற்பது இயல்புதான். பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே போனாலும் குறையும்.

கேட்டவர்: கழுத்தில் இறகு கொட்டுகிறது! சரி, காத்திருக்கிறேன். உண்ணியை இன்றிரவே பார்க்கிறேன்.